குடும்பமாகச் சேர்ந்து வீடு கட்டி முடிக்க: கோடு போடுவதிலிருந்து பால் காய்ச்சும் வரை

திருமங்கலம் பக்கம் ஒரு கிராமத்தில், 30க்கு 40 மனையில், 24க்கு 32 அளவில் ஒரு வீடு கட்டி முடித்தோம். மொத்தம் 768 சதுர அடி. தை மாதம் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டினோம், ஆவணியில் பால் காய்ச்சினோம். வீட்டில் அப்பா, அம்மா, நான், மனைவி, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள் என்று ஆறு பேர். ஒருவருக்கும் கட்டட வேலை தெரியாது.

தொடங்கும் முன் சொந்தக்காரர்கள் இரண்டு விதமாகச் சொன்னார்கள். மொத்தமாகக் காண்ட்ராக்ட் விட்டுவிட்டுச் சாவியை மட்டும் வாங்கிக்கொள் என்றார்கள் சிலர். எல்லாவற்றையும் நாமே பார்த்துக்கொண்டால் பாதிக் காசு மிச்சம் என்றார்கள் மற்றவர்கள். இரண்டுமே எங்களுக்குச் சரிப்பட்டிருக்காது. அஸ்திவாரம், கம்பி, தளம் (மேற்கூரை காங்கிரீட்), மின்சாரம் இவையெல்லாம் உயிரோடு சம்பந்தப்பட்டவை. அவற்றைக் கை தேர்ந்தவர்களிடம்தான் விட வேண்டும். ஆனால் ஒரு வீட்டில் பொறுமை மட்டுமே கேட்கிற வேலைகளும் நிறைய உண்டு. கணக்கு எழுதுவது, தண்ணீர் விடுவது, அளந்து பார்ப்பது, பட்டி தேய்ப்பது, பெயிண்ட் அடிப்பது, சுத்தம் செய்வது. நாள் கூலிக்கு வருகிறவரிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமில்லை, அவருக்கு அடுத்த வேலை காத்திருக்கிறது. அந்த வேலைகளைத்தான் குடும்பம் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் படியுங்கள்.

மனையிலேயே ஒருநாள் வாழ்ந்து பாருங்கள்

பிளானைக் காகிதத்தில் பார்த்தால் எல்லா அறையும் பெரிதாகத்தான் தெரியும். அதனால் இன்ஜினியர் முதல் வரைபடம் கொடுத்ததும் நாங்கள் அதைச் சுண்ணாம்புப் பொடியால் மனையிலேயே முழு அளவில் போட்டோம். கயிற்றுக் கட்டிலைக் கொண்டுபோய்ப் படுக்கையறைக் கோட்டுக்குள் போட்டோம். அம்மா சமையலறைக் கோட்டுக்குள் நின்று, அடுப்பு இங்கே, தண்ணீர்க் குடம் இங்கே என்று நடந்து பார்த்தார். இரண்டு பேர் சேர்ந்து நின்றால் முட்டிக்கொள்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. கோட்டை ஒன்றரை அடி தள்ளினோம். சுவர் எழும்பியபின் அதே ஒன்றரை அடியைத் தள்ளப் பெரும் பணம் ஆகும்.

சமையல் மேடையின் உயரத்தையும் அன்றைக்கே முடிவு செய்தோம். கொத்தனார்கள் வழக்கமாக வைக்கும் 33 அங்குலம் அம்மாவின் தோளுக்கு அதிகம். செங்கலை அடுக்கி அதன்மேல் பலகை வைத்து, வெங்காயம் நறுக்க வைத்துப் பார்த்தோம். 31 அங்குலத்தில் கை வலிக்கவில்லை. யார் அதிக நேரம் நிற்கப்போகிறாரோ அவருடைய உயரம்தான் மேடைக்கு அளவு.

வயதானவர்கள் இருக்கிற வீடு என்றால் கழிப்பறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி வையுங்கள். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும். மாடிப்படி ஒன்றின் உயரம் 6 முதல் 7 அங்குலத்துக்குள்ளும் மிதி 10 அங்குலத்துக்குக் குறையாமலும் இருந்தால் அப்பாவால் ஏற முடியும், பிள்ளைகளும் தடுக்கி விழ மாட்டார்கள்.

காகித வேலை

இதை விரிக்கப் போவதில்லை, ஆனால் ஒன்றையும் விட்டுவிடாதீர்கள். பத்திரம், தாய்ப்பத்திரம், 30 வருடத்துக்கான வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் (மனையின் சர்வே வரைபடம்). பட்டாவில் இருக்கும் பரப்பும் பத்திரத்தில் இருக்கும் பரப்பும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு சர்வேயரை வைத்து அளந்து நான்கு மூலையிலும் கல் நடுங்கள். பக்கத்து மனைக்காரரையும் அழைத்து, அவர் முன்னாலேயே கல் நட்டால் பின்னால் பேச்சு வராது.

அனுமதிக்கு இப்போது வழி எளிதாகிவிட்டது. 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமோ அதற்குமேல் ஒரு மாடியோ உள்ள குடியிருப்பு என்றால், ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஆவணங்களை ஏற்றிக் கட்டணம் கட்டியதும் அனுமதி கிடைக்கும். கிராமத்தில் குடிசையில் இருப்பவர்கள் கலைஞர் கனவு இல்லம் திட்டத்தையும் ஊராட்சியில் விசாரிக்கலாம். 2024இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் கிடைக்கிறது.

பணமும் பேச்சும்

லேபர் காண்ட்ராக்ட் என்றால் பொருள் நம்முடையது, கூலி மட்டும் சதுர அடிக் கணக்கில். குடும்பம் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள முடியும் என்றால் இதுதான் நல்லது. ஆனால் சதுர அடி என்பதற்குள் என்னென்ன வருகிறது என்று முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். சன்ஷேடு, கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், படி, அலமாரிப் பலகை, போர்டிகோ, இதில் எது கணக்கில் சேரும், எதற்குத் தனிக்கூலி? பாதி வீடுகளில் மேஸ்திரியோடு மனக்கசப்பு வருவது இந்த இடத்தில்தான். எங்கள் மேஸ்திரியோடு ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பேசி, இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம். பிறகு ஒரு சொல் தடித்துப் பேசியதில்லை. சனிக்கிழமைச் சம்பளம் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போகவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

அடுத்து, பணத்தை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். தளம் போட்டதும் வீடு முடிந்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி வரும். எங்கள் கணக்கில் அப்போது பாதிதான் செலவாகியிருந்தது. பூச்சு, தரை, கதவு ஜன்னல், வயரிங், குழாய், பெயிண்ட் எல்லாம் அதற்குப் பிறகு. எங்கள் தெருவிலேயே பூசாத சுவரோடு பல வருடமாகக் குடியிருக்கும் வீடுகள் உண்டு. அந்த வீட்டுக்காரர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை, முடிப்பதற்கான பணத்தைப் பேஸ்மட்டத்தின் (வீட்டுத் தரை நிற்கும் அடித்தளத்தின்) உயரத்திலும் போர்டிகோவின் அழகிலும் போட்டுவிட்டவர்கள். நாங்கள் பாதித் தொகையை வேறொரு கணக்கில் போட்டு, தளம் போடும்வரை தொடுவதில்லை என்று வைத்திருந்தோம்.

அப்பா ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்கினார். தேதி, வந்த பொருள், அளவு, விலை, யார் இறக்கினார்கள், அன்றைக்கு எத்தனை கொத்தனார், எத்தனை சித்தாள் என்று எல்லாம் அதில். மகளுக்கு ஒரு வேலை: மாலையில் காலிச் சிமெண்ட் பைகளை எண்ணுவது. வந்த மூட்டையில் இருப்பைக் கழித்தால் காலிப் பை வர வேண்டும். பத்து வயதுப் பெண் அதைத் தவறாமல் செய்தாள்.

கரிசல் மண்ணும் அஸ்திவாரமும்

எங்கள் பக்கம் கரிசல். மழை பெய்தால் ஊதும், வெயிலில் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதன்மேல் மேலோட்டமாகக் கல் அஸ்திவாரம் போட்டால் இரண்டு மழைக்காலத்தில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். அதனால் இன்ஜினியர் முதலில் ஒரு குழி வெட்டி மண்ணைப் பார்த்தார். ஊதும் மண் ரொம்ப ஆழம் போனால், அடியில் குடம் போல அகன்ற தூண் அஸ்திவாரம் போடுவார்கள், ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய முறை அது. எங்களுக்குக் கீழே கெட்டியான சுக்கான் மண் கிடைத்ததால், அதுவரை தோண்டி ஃபுட்டிங் (பில்லருக்கு அடியில் அகலமான காங்கிரீட் பாதம்) போட்டு, பில்லர் எழுப்பி, மேலே பிளிந்த் பீமால் (தரைமட்டத்தில் ஓடும் காங்கிரீட் உத்தரத்தால்) எல்லாவற்றையும் ஒரே சட்டமாகக் கட்டினோம். தோண்டிய கரிசலை உள்ளே திருப்பிக் கொட்ட விடவில்லை. கிராவல் வாங்கி, அரை அடிக்கு ஒருமுறை தண்ணீர் விட்டு இடித்து நிரப்பினோம். உங்கள் மண் செம்மண்ணோ மணலோ என்றால் இவ்வளவு தேவைப்படாது. ஆனால் எந்த மண்ணாக இருந்தாலும், அடுத்த வீட்டுக்காரர் ஐந்தடி போட்டார், நாமும் ஐந்தடி போடுவோம் என்று முடிவு செய்யாதீர்கள்.

நூல் பிடிக்கும்போது குடும்பம் பக்கத்தில் இருக்க வேண்டும். மூலைமட்டம் சரியா என்று யாரும் பார்க்கலாம்: ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்தால் இரண்டு குறிக்கும் நடுவே 5 அடி வர வேண்டும். 24க்கு 32 என்பதால் எங்கள் வீட்டின் மூலைவிட்டம் சரியாக 40 அடி. முதலில் நூல் பிடித்தபோது ஒரு பக்கம் 40 அடி, இன்னொரு பக்கம் 40 அடி 3 அங்குலம் இருந்தது. மேஸ்திரி முகம் சுளிக்காமல் மறுபடி பிடித்தார். அந்த மூன்று அங்குலம் அப்படியே போயிருந்தால் டைல்ஸ் போடும்போது சுவரோரம் கோணலாக வெட்டிக்கொண்டே போயிருக்க வேண்டும்.

பேஸ்மட்டத்தின் உயரத்தை ரோட்டிலிருந்து பாருங்கள். ஊரில் ரோடு போடும்போதெல்லாம் அது உயர்ந்துகொண்டேதான் போகிறது. எங்களுக்கு ரோட்டிலிருந்து இரண்டரை அடி. தரைக்குக் காங்கிரீட் போடும் முன் கரையான் மருந்து அடிப்பதை மறக்க வேண்டாம், பிறகு அதற்கு இடமே கிடைக்காது.

பொருள் வாங்கும்போது

மணலும் ஜல்லியும் யூனிட் கணக்கு. ஒரு யூனிட் 100 கன அடி. லாரி வந்ததும் இறக்கச் சொல்லும் முன் டேப்பால் பெட்டியின் நீளம், அகலம், மணல் நிற்கும் உயரம் மூன்றையும் அளந்து பெருக்கி நூறால் வகுத்துப் பாருங்கள். அப்பா அளக்கத் தொடங்கிய நாளிலிருந்து எங்களுக்கு வந்த லோடெல்லாம் விளிம்புவரை இருந்தது.

கட்டுவேலைக்கும் காங்கிரீட்டுக்கும் எம் சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்), பூச்சுக்கு அதிலேயே நைஸான பி சாண்ட். ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி மணல், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கிச் சில மணி நேரம் வையுங்கள். மேலே படியும் தூசிப் படலம் கனமாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடலாம்.

கம்பியை எடை போட்டு வாங்குகிறோம், ஆனால் கட்டுவது எண்ணிக்கையில். அதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதையே அதனால் பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பி ஒரு முழு நீளம், அதாவது 12 மீட்டர், சுமார் 10.7 கிலோ. 8 மி.மீ. என்றால் 4.7 கிலோ. எடைச்சீட்டை எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் எது குறைகிறது என்று தெரிந்துவிடும்.

செங்கல் இரண்டைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். இடுப்பு உயரத்திலிருந்து மண்தரையில் போட்டால் உடையக் கூடாது. ஒருநாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு எடுத்தால் எடை ஐந்தில் ஒரு பங்குக்குமேல் கூடக் கூடாது.

சிமெண்ட்டில் நாங்கள் ஒரு தவறு செய்தோம். விலை ஏறப்போகிறது என்று கேள்விப்பட்டு 60 மூட்டை சேர்த்து இறக்கினோம். தகரக் கொட்டகைக்குள் சுவரை ஒட்டி, தரையிலேயே அடுக்கிவிட்டோம். ஒருநாள் கோடை மழையில் சாரல் அடித்து, அடிவரிசையில் 9 மூட்டை கட்டி தட்டிப்போனது. பலகை மேல், சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, பத்து மூட்டை உயரத்துக்கு மேல் போகாமல் அடுக்க வேண்டும். மூன்று மாதம் கிடந்த சிமெண்ட்டில் பலம் கணிசமாகக் குறைந்துவிடும். பதினைந்து நாள் வேலைக்கு எவ்வளவோ அவ்வளவு மட்டும் வாங்குங்கள்.

சுவர் எழும்பும் நாட்கள்

இங்கே குடும்பத்தின் வேலை காலை ஆறு மணிக்குத் தொடங்கும். அன்றைக்கு வேண்டிய செங்கலை முதல்நாளே நனைத்து வைக்க வேண்டும். நனையாத செங்கல் கலவையிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும், கலவை பிடிக்காது. கொத்தனார் வந்து நிற்கும்போது நனைக்கத் தொடங்கினால் அரைநாள் வீண்.

ஒரே நாளில் சுவரைத் தலைக்குமேல் ஏற்ற விடாதீர்கள், நான்கரை அடி போதும். கலவை, 9 அங்குலச் சுவருக்கு ஒரு பங்கு சிமெண்ட்டுக்கு ஆறு பங்கு மணல், நாலரை அங்குலச் சுவருக்கு ஒன்றுக்கு நான்கு. கலவையைக் கலந்தால் அரை மணி நேரத்துக்குள் தீர்த்துவிடும் அளவுக்கே கலக்கச் சொல்லுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் போகும் முன் கலந்து வைத்துவிட்டு, திரும்பி வந்து தண்ணீர் ஊற்றி இளக்குவது வழக்கமாக நடக்கிறது. அதைப் பணிவாக, ஆனால் உறுதியாகத் தடுத்தோம்.

திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு என்று ஒன்று உண்டு. செங்கலைக் குத்தாக நிறுத்தி நடுவில் இடைவெளி விட்டுக் கட்டுவது. செங்கலில் ஏறக்குறைய கால்பங்கு மிச்சம், உள்ளே சூடும் குறைவு. எங்களுக்கு ஆசைதான். பழகிய கொத்தனார் கிடைக்காததால் விட்டுவிட்டோம். உங்கள் ஊரில் கிடைத்தால் யோசியுங்கள்.

வாசல் நிலை வைப்பது எங்கள் பக்கம் ஒரு சின்னத் திருவிழா. நவதானியம், காசு, மஞ்சள் துணி எல்லாம் வைத்து, அம்மாவும் அத்தைமாரும் நிலைக்குப் பொட்டு வைத்தார்கள். பூஜை முடிந்ததும் தூக்குக்குண்டு போட்டு இரண்டு பக்கமும் பார்க்கச் சொன்னேன். நிலை கால் அங்குலம் சாய்ந்திருந்தாலும் கதவு தானாகத் திறந்துகொண்டு போகும்.

தளம் போடும் நாள்

சித்திரை முதல் வாரம் தளம் போட்டோம். அதற்கு முந்தின நாள்தான் உண்மையில் முக்கியமான நாள். அன்று இன்ஜினியர் மேலே ஏறிக் கம்பியைப் பார்க்காமல் காங்கிரீட் போடக் கூடாது. அவரோடு நாமும் ஏறிப் பார்க்கலாம். கம்பி பலகையை ஒட்டிக் கிடக்கக் கூடாது, அடியில் 20 மி.மீ. கவர் பிளாக் (கம்பியைத் தூக்கி நிறுத்தும் சின்னக் கட்டை) இருக்க வேண்டும். ஜல்லித் துண்டை அண்டக்கொடுப்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள். தளத்தில் கம்பி துருப்பிடித்து வெடித்துக் கொட்டும் வீடுகளில் பெரும்பாலும் இந்த முக்கால் அங்குலம்தான் விட்டுப்போயிருக்கும். மின்விசிறிக் கொக்கி, வயர் போகும் பைப், பெட்டி எல்லாம் எந்த அறைக்கு எங்கே என்று நோட்டோடு போய் எண்ணுங்கள். தளத்தைத் தாங்கும் முட்டுகள் மண்மேல் நிற்கின்றனவா, பலகைமேல் நிற்கின்றனவா என்றும் பாருங்கள்.

தளத்துக்கு ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று. ஒரு மூட்டை சிமெண்ட் ஏறக்குறைய ஒன்றேகால் கன அடி. அதே அளவில் ஒரு பெட்டி செய்து வைத்துக்கொண்டால், மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி ஜல்லி. சட்டிக் கணக்கில் போட்டால் மதியத்துக்குமேல் சட்டி தானாகக் குவியத் தொடங்கும். தண்ணீர் மூட்டைக்கு 25 லிட்டரை ஒட்டி. கஞ்சி மாதிரி ஓடினால் வேலை சுலபம், ஆனால் பலம் போய்விடும். மிக்சர் பக்கத்தில் என் மனைவி நாள் முழுக்க நின்று, ஒவ்வொரு மூட்டைக்கும் கோடு போட்டு எண்ணினார். ஐந்து அங்குலத் தளத்துக்கு 100 சதுர அடிக்கு 9 முதல் 10 மூட்டை வரும். எங்கள் 768 சதுர அடிக்குத் தளம் மட்டும் சுமார் 72 மூட்டை, பீம் தனி.

அன்றைக்கு வேலை செய்கிறவர்களுக்கு வயிறார மதியச் சாப்பாடு போடுங்கள், மோர் வைத்திருங்கள். மழை வந்தால் மூடத் தார்ப்பாயும் கைவசம் இருக்கட்டும்.

தண்ணீர் விடுவது குடும்பத்தின் வேலை

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். காங்கிரீட் காய்வதால் இறுகுவதில்லை. சிமெண்ட்டும் தண்ணீரும் சேர்ந்து நடக்கும் வேதிவினையால் இறுகுகிறது. தண்ணீர் வற்றினால் அந்த வினை நின்றுவிடும். ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநிலை, சாதாரணச் சிமெண்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமெண்ட்டுக்கு 10 நாள், வெப்பமான வறண்ட இடங்களில் முறையே 10, 14 நாள் ஈரமாக வைக்கச் சொல்கிறது. நாங்கள் 21 நாள் வைத்தோம். சித்திரை வெயிலுக்கு அது அதிகமில்லை.

தளத்தில் மணல் கலவையால் சின்னச் சின்னப் பாத்தி கட்டி, இரண்டு அங்குலம் தண்ணீர் தேக்கினோம். பள்ளி விடுமுறை என்பதால் காலை ஆறு மணிக்குப் பிள்ளைகள், பதினோரு மணிக்கு அம்மா, மாலை நானும் மனைவியும் என்று முறை வைத்துக்கொண்டோம். பில்லருக்குத் தண்ணீர் ஊற்றினால் வழிந்து ஓடிவிடும், அதனால் சாக்கைச் சுற்றிக் கட்டி நனைத்தோம். அம்மா யாரும் சொல்லாமலே இரவு படுக்கும் முன்னும் ஒருமுறை போய் நனைத்துவிட்டு வருவார். கான்டிராக்டில் இந்த வேலைக்கென்று ஒரு வரிகூட எழுதியிருக்காது.

முட்டு பிரிக்கும் அவசரம் வேண்டாம். நான்கரை மீட்டருக்குள் இடைவெளி உள்ள தளத்துக்கு 7 நாள், ஆறு மீட்டருக்குள் உள்ள பீமுக்கு 14 நாள் என்று தரநிலை குறைந்தபட்ச அளவு சொல்கிறது. முட்டு வாடகையைப் பார்க்காமல் நாங்கள் இரண்டையும் 21ஆம் நாள்தான் பிரித்தோம்.

தண்ணீர்த் தொட்டி, செப்டிக் குழி இரண்டையும் தோண்டிய நிமிடத்திலிருந்து மூடி வைக்க வேண்டும். வெறும் தகரம் போட்டு மூடுவது மூடியாகாது, மேலே பிள்ளை ஏறி நின்றாலும் தாங்க வேண்டும். கட்டி மூடி வைத்திருந்த தொட்டிக்குள் திடீரென்று ஒருவரை இறங்கவும் விடாதீர்கள், உள்ளே காற்று இருக்காது. சாரத்துக்குக் கீழே பிள்ளைகளுக்கு அனுமதியே இல்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கிணற்றிலிருந்து செப்டிக் கழிவுநீர்க் குழி 60 அடியாவது தள்ளி இருக்க வேண்டும், அது பக்கத்து வீட்டுக் கிணறாக இருந்தாலும்.

பூசும் முன் ஒரு படம்

சுவரை வெட்டி வயர் பைப்பும் தண்ணீர்க் குழாயும் பதித்தபின், பூசும் முன், ஒவ்வொரு சுவரையும் டேப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். பத்து வருடம் கழித்து ஆணி அடிக்கும்போது அந்தப் படம் வேண்டும். மகன் எடுத்த 64 படங்களை அச்சுப் போட்டு அப்பாவின் நோட்டோடு வைத்திருக்கிறோம்.

விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4 சதுர மி.மீ. செப்பு வயர். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) நல்ல எர்த்தும் இல்லாமல் குடியேற வேண்டாம். இந்த வேலையில் நாங்கள் கை வைக்கவில்லை, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் செய்தார். தண்ணீர்க் குழாயைப் பூசும் முன் அழுத்தம் கொடுத்து ஒருநாள் விட்டுப் பாருங்கள்.

குளியலறையில் கசிவு தடுக்கும் பூச்சு போட்டபின், ஓட்டையை அடைத்துத் தண்ணீர் தேக்கி இரண்டு நாள் கழித்துச் சுவரின் மறுபக்கம் ஈரம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அதைச் செய்தோம். ஆனால் டைல்ஸ் கலவை காயும் முன் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி வாட்டம் பார்ப்பதை விட்டுவிட்டோம். தண்ணீர் கதவோரம் தேங்கியது, ஆறு டைல்ஸை உடைத்து மறுபடி போட்டோம்.

கடைசிப் பூச்சு நம் கையால்

சுவர்ப் பூச்சுக்கும் ஒரு வாரம் தண்ணீர் விட்டு, பிறகு நன்றாகக் காய விடுங்கள். பூசி நான்கு வாரம் ஆகாமல் பெயிண்ட் பக்கம் போக வேண்டாம், ஈரச் சுவரில் அடித்தது கொப்பளித்துக் கிளம்பும். ஆனியில் பூச்சு முடித்துவிட்டு ஆடி முழுக்கக் காய விட்டோம். ஆடியில் எப்படியும் யாரும் பால் காய்ச்சுவதில்லை, அந்த மாதத்தைச் சுவருக்குக் கொடுத்தது நல்லதாகப் போயிற்று.

முதலில் உப்புத்தாளால் சுவரைத் தேய்த்துத் தூசி தட்டுங்கள். வெள்ளைச் சிமெண்ட் பட்டி என்றால் சுவரை லேசாக நனைத்துக்கொள்ள வேண்டும். பட்டிப் பொடியைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, இட்லி மாவுப் பதத்துக்கு வந்ததும் பத்து நிமிடம் விட்டு மறுபடி கலக்குங்கள். இரண்டு மணி நேரத்தில் தீர்க்கும் அளவு மட்டும். முதல் கை கீழிருந்து மேலே, மெல்லியதாக. ஒரே கையில் தடிமனாக இழுத்தால் வெடிக்கும். அது காய்ந்ததும் இரண்டாவது கை. இரண்டும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டருக்குமேல் போகக் கூடாது. பள்ளமான இடத்தைப் பட்டியால் நிரப்ப நினைக்காதீர்கள், அது கொத்தனார் சரிசெய்ய வேண்டியது.

தேய்ப்பதுதான் சலிப்பான வேலை, குடும்பம் கூடி உட்காரும் வேலையும் அதுதான். இரவில் ஒரு எல்இடி விளக்கைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் மேடு பள்ளம் எல்லாம் நிழலாகத் தெரியும். மனைவி விளக்கைப் பிடிப்பார், நான் தேய்ப்பேன், மகள் பென்சிலால் வட்டம் போடுவாள். வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ளாமல் யாரும் உள்ளே வரக் கூடாது. அப்புறம் பிரைமர் ஒரு கை, எமல்ஷன் இரண்டு கை. 10க்கு 12 அறை, 10 அடி உயரம் என்றால் நான்கு சுவரும் 440 சதுர அடி. கதவு ஜன்னலைக் கழித்து, டப்பாவில் எழுதியிருக்கும் பரப்போடு பார்த்து வாங்குங்கள். ஓரங்களையும் மூலைகளையும் முதலில் பிரஷால் எடுத்துக்கொண்டு, அந்த ஈரம் காயும் முன் ரோலரை ஓட்ட வேண்டும். விட்டம் (அறையின் உள்கூரை) முதலில், சுவர் பிறகு. ஒரு சுவரை நடுவில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனால் அந்த இடத்தில் கோடு விழும். வெளிச்சுவரைச் சாரம் கட்டி ஆள் வைத்துத்தான் அடித்தோம், உயரத்தில் நிற்பது பழகாதவர்களுக்கான வேலை இல்லை.

கதவுக்கு வார்னிஷ் அடிக்கும் நாளில் காற்று இருக்கக் கூடாது. எங்கள் பக்கம் ஆடிக் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வரும், அதனால் வாசல் கதவை மட்டும் ஆவணி முதல் வாரத்துக்குத் தள்ளினோம். அப்பா தனியாக, மூன்று நாள், மூன்று கை அடித்தார்.

குடிபோகும் முன்பும் முதல் மழைக்குப் பிறகும்

பால் காய்ச்சுவதற்கு ஒரு வாரம் முன் ஒரு பட்டியல் எழுதுங்கள். ஒவ்வொரு அறையிலும் ஒருவர் நின்று எல்லா சுவிட்சையும் போட்டு, எல்லாக் குழாயையும் திறந்து, எல்லாத் தாழ்ப்பாளையும் போட்டுப் பார்க்க வேண்டும். மேஸ்திரியின் கடைசித் தொகை அந்தப் பட்டியல் முடிந்த பிறகு என்று முன்பே எழுதியிருந்தால் யாருக்கும் சங்கடமில்லை. பால் காய்ச்சும் அன்று, கட்டிய எல்லோருக்கும், சித்தாள் வரை, வேட்டி சேலை எடுத்து வைத்துச் சாப்பாடு போட்டோம். தட்டுவைத்துக் கொடுத்தது பிள்ளைகள்.

தமிழ்நாட்டில் 2003இலிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம். எங்கள் மாடி அளவுக்கு ஒரு சென்டிமீட்டர் மழைக்கே சுமார் 710 லிட்டர் இறங்கும். கரிசலில் இந்தத் தண்ணீரை அஸ்திவாரத்தை ஒட்டி விடக் கூடாது, குழாய் போட்டுத் தள்ளிக் கொண்டுபோங்கள். சுவரைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குச் சிமெண்ட் தளம் போட்டு வெளியே வாட்டம் வையுங்கள்.

ஐப்பசியில் முதல் பெரிய மழை பெய்த இரவு, நாங்கள் ஆறு பேரும் டார்ச்சோடு ஒவ்வொரு அறையாகப் போய் விட்டத்தைப் பார்த்தோம். மாடியில் கிழக்கு மூலையில் மட்டும் தண்ணீர் கொஞ்சம் நின்றது. காலையில் மகன் அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு வைத்தான். கார்த்திகை வெயிலில் அதை மட்டும் கொத்திக் கலவை இழுத்தோம்.